வழக்குப் பல, அறம் ஒன்று



அறம் என்பது எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் ஒன்றுதானா? அன்றி, நாட்டுக்கு நாடு, இனத்துக்கு இனம், காலத்துக்குக் காலம் வேறுபடுவதா? இவ்வினா கற்றவர் அவையிலும் எழுகின்றது. வீட்டுத் திண்ணையிலும் எழுகின்றது. வெளிநாடு சென்று திரும்பும் இளைஞர், “இங்கே பிழை எனப்படுவது அங்கே பிழையன்று, இங்கே பெருமை எனப்படுவது அங்கே நகைப்புக்கிடம். ஆகவே நல்லது, தீயது என்பனவெல்லாம் அவரவர் பழக்கமேயன்றி வேறில்லை” என்கின்றனர். அது கேட்ட முதியோர் வெகுண்டு, “முன்னோர் செய்ததே அறம், அதில் ஓர் இழையும் மாறலாகாது” என்கின்றனர்.

இவ்விரு சாராரும் எதிரெதிர் நிற்பவர் போலத் தோன்றினும் இருவர் செய்யும் பிழையும் ஒன்றே. வழக்கத்தையும் அறத்தையும் ஒன்றெனக் கொள்வதே அப்பிழை. முன்னவர், வழக்கம் மாறுவது கண்டு அறமும் மாறும் என்கின்றனர். பின்னவர், அறம் மாறாதாகலின் வழக்கமும் மாறலாகாது என்கின்றனர். இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு என்பதே ஈண்டுச் சிந்திக்கத் தக்கது.

வழக்கமே எல்லாம் என்பார்க்கு மிகப் பழைய சான்றாகக் காட்டப்படுவது ஒரு கிரேக்கச் செய்தி. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தம் நூலின் மூன்றாம் பகுதியில் அதனை எழுதியுள்ளார். பாரசீகப் பேரரசன் தாரியஸ், தன் அவையிலிருந்த கிரேக்கரை அழைத்து, “இறந்த உங்கள் தந்தையரின் உடலை உண்பதற்கு எவ்வளவு பொருள் வேண்டும்?” என்று வினவினான். “எவ்வளவு தந்தாலும் செய்யோம்” என்றனர் அவர்கள். பின்னர், இறந்த பெற்றோரின் உடலை உண்ணும் வழக்கமுடைய கலாத்தியர் என்னும் இந்திய மக்களை அழைத்து, “உங்கள் தந்தையரின் உடலைத் தீயிலிடுவதற்கு எவ்வளவு பொருள் வேண்டும்?” என்று வினவினான். அவர்கள் அலறி, அத்தகைய கொடுஞ்சொல்லைச் சொல்லவேண்டா என்று வேண்டினர். வழக்கத்தின் ஆட்சி அத்துணை வலியது என்று ஹெரோடோட்டஸ் முடிக்கின்றார்.

இச்செய்தியை மேலோட்டமாகக் கேட்பார், “பார்த்தீர்களா, ஒருவர்க்கு அறம் மற்றவர்க்கு மறம்” என்பர். சற்று ஆழ்ந்து நோக்குக. கிரேக்கர் ஏன் மறுத்தனர்? தந்தையின் உடலை இழிவுபடுத்த மனம் ஒவ்வாமையால். மற்றவர் ஏன் அலறினர்? அவர்களும் அதே காரணத்தால்தான். “உங்கள் தந்தையின் உடலைத் தெருவில் வீசி எறிய எவ்வளவு பொருள் வேண்டும்?” என்று அம்மன்னன் கேட்டிருப்பின் இரு திறத்தாரும் ஒரே குரலில் மறுத்திருப்பர். ஆக, வேறுபட்டது செய்ம்முறை. வேறுபடாதது அதனுள் நின்ற அன்பு. பசி ஒன்றாயினும், நெல் விளையும் நாட்டார் சோறு உண்பர். கோதுமை விளையும் நாட்டார் அப்பம் உண்பர். உணவு பலவாதல் கண்டு பசியும் பல என்பார் உண்டோ?

இவ்வுண்மையைத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர். சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை என்றொரு பகுதி உண்டு. புகார் நகரத்துச் சுடுகாட்டைக் காட்டும் அவ்விடத்தில், இறந்தோரை அடக்கும் ஐந்து முறைகளைப் புலவர் அடுக்கிச் சொல்கின்றார். சுடுவோர் உண்டு, வெளியே இட்டுச் செல்வோர் உண்டு, குழி தோண்டிப் புதைப்போர் உண்டு, தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்போர் உண்டு, தாழியில் கவிப்போரும் உண்டு. ஐவகையாரும் ஒரே நகரத்தார். இவற்றுள் இன்னது உயர்ந்தது, இன்னது தாழ்ந்தது என்று புலவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்து அவர் சொல்வது, கூற்றுவன் தவத்தோர் என்றும் செல்வர் என்றும் இளையர் என்றும் முதியர் என்றும் பாராமல் கொண்டுபோவான் என்பதே. முறை ஐந்து; இறப்பு ஒன்று. வழக்கின் வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும் பெருந்தன்மைக்கு இதனினும் நல்ல சான்று காண்டல் அரிது.

அங்ஙனமாயின், எல்லா வழக்கங்களையும் இவ்வாறே பொறுத்துக்கொள்ளலாமா? இல்லை. அதனையும் அதே காப்பியமே சொல்கின்றது. ஆதிரை பிச்சையிட்ட காதையில் வரும் சாதுவன் வரலாறு, இப்பொருள் பற்றித் தமிழில் உள்ள கதைகளுள் தலைசிறந்தது எனலாம்.

சாதுவன் புகார் நகரத்து வணிகன். மனைவி ஆதிரையை விட்டுக் கணிகை ஒருத்தியின் மனை புகுந்து, சூதாடிப் பொருளெல்லாம் தோற்றவன். இழந்த பொருளை ஈட்டக் கப்பலேறிச் சென்றான். நடுக்கடலில் புயலில் கப்பல் உடைந்தது. ஒடிந்த மரத்துண்டு ஒன்றைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைநாட்டுக் கரையில் ஒதுங்கி, களைப்பால் மரநிழலில் உறங்கினான். காப்பியம் புனைந்து காட்டும் அந்நாகர் ஆடை உடுத்தாதவர். கடலில் கவிழ்ந்து கரை சேர்வாரைக் கொன்று உண்பவர். உறங்கும் அவனைக் கண்டு, நல்ல உணவு கிடைத்தது என்று நெருங்கினர்.

சாதுவன் விழித்தெழுந்து அவர்தம் மொழியிலேயே பேசினான். அவ்வளவில் அவர்கள் தீங்கு செய்யாது விலகி நின்று, தம் தலைவனிடம் அழைத்துச் சென்றனர். கள்ளுக் குடங்களும் ஊனின் முடைநாற்றமும் உலர்ந்த எலும்புகளும் சூழ்ந்த இடத்தில் தலைவன் தன் துணையோடு வீற்றிருந்தான். அவன் சாதுவனின் துன்பக் கதையைக் கேட்டு இரங்கினான். “கடலில் வருந்திப் பசித்து வந்தவன் இவன்; இவனுக்குப் பெண்ணும் கள்ளும் ஊனும் கொடுங்கள்” என்று ஏவினான்.

இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். நாகர் தலைவன் அறமே அறியாதவனா? அல்லன். துன்புற்றவனைக் கண்டு அவன் இரங்குகின்றான். பசித்தவனுக்குத் தன்னிடம் உள்ளவற்றுள் சிறந்தவற்றை ஈயச் சொல்கின்றான். இரக்கமும் விருந்தோம்பலும் அவனிடம் உள்ளன. சாதுவன் ஊட்டிப் பிறந்தன அல்ல அவை. முன்பே அவன் நெஞ்சில் இருந்தவை. குறை யாதெனில், அவ்விரக்கத்தின் வேலி குறுகியிருந்தது. தன் மொழி பேசுவோன் அவ்வேலிக்குள்ளே இருந்தான். பேசாதோன் வெளியே இருந்தான். உள்ளே இருந்தவன் விருந்தினன். வெளியே இருந்தவன் உணவு.

உலகில் எந்த இனத்தாரை எடுத்துக்கொண்டாலும் நிலைமை இதுவே. தாயை இகழ்க, நட்டாரைக் காட்டிக்கொடுக்க, குழந்தையைப் பட்டினி போடுக என்று கற்பிக்கும் சமுதாயம் நிலைத்ததாகக் காணோம். அன்பு, வாய்மை, நன்றியறிதல் ஆகியவற்றை எல்லாரும் போற்றுகின்றனர். யார் யாருக்கு அவற்றைச் செய்ய வேண்டும் என்னும் வேலியை எங்கே நடுவது என்பதில்தான் மாந்தர் மாறுபடுகின்றனர். அறம் ஒன்று, வேலிகள் பல.

சாதுவன் பெண்ணையும் கள்ளையும் ஊனையும் மறுத்து, கொலையும் கள்ளும் அறிவுடையோர் விலக்கியவை என்றும், செய்த வினையின் பயன் உயிரைத் தொடரும் என்றும் எடுத்துரைத்தான். தலைவன் முதலில் நகைத்தான், பின்னர்த் தெளிந்தான். தெளிந்தபின் அவன் கூறிய சொல் மிக நேர்மையானது: “கள்ளையும் ஊனையும் முற்றும் விட்டால் எங்கள் உடம்பில் உயிர் நில்லாது, ஆகவே சாகுமளவும் எங்களுக்கு ஏற்ற அறம் எதுவோ அதனைச் சொல்” என்பது அதன் கருத்து.

சாதுவன் வெகுண்டானல்லன், தன் ஊர் ஒழுக்கம் முழுவதையும் அவர்மேல் சுமத்தினானல்லன். ஆடை உடுத்துங்கள் என்று அவன் பணித்ததாகக் காப்பியம் கூறவில்லை. புகாரின் விழாக்களையும் திருமண முறைகளையும் பின்பற்றுமாறும் அவன் கேட்கவில்லை. “கப்பல் உடைந்து கரை சேர்வாரைக் கொல்லாது அவர் உயிரைப் பேணுங்கள், முதுமையால் தாமே இறந்த விலங்கினை அன்றி எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாதீர்கள்” என்னும் அளவே அவன் வேண்டியது. ஊனை விடமுடியாதார்க்கு ஊன் விலக்கப்படவில்லை, கொலையே விலக்கப்பட்டது. தலைவனும் உடன்பட்டு, முன்னர் உண்ணப்பட்டோர் விட்டுச் சென்ற நறுமண மரங்களையும் மெல்லிய துகில்களையும் பெருநிதியையும் அவனுக்கு வழங்கினான். சந்திரதத்தன் என்னும் வணிகனின் கப்பலில் சாதுவன் புகார் மீண்டான்.

இக்கதையால் பெறப்படும் அளவுகோல் தெளிவானது. ஆடை, உணவின் வகை, வழிபாட்டு முறை, மணமுறை, ஈமக்கடன் ஆகியன வழக்கின்பாற் பட்டன, அவை வேறுபடலாம். ஆயின் ஒரு வழக்கத்தால் பிறிதோர் உயிர் நலியுமாயின் அது வழக்கு என்னும் பெயரால் தப்பிக்க இயலாது. அதனை அளப்பது எவ்வாறு? விருந்துண்பார் பக்கம் நின்று நோக்கினால், கரை சேர்ந்தவனைக் கொல்வது அவர்தம் தொன்றுதொட்ட மரபு. கரையில் கிடப்பவன் பக்கம் நின்று நோக்கினால் அது கொலை. எந்த வழக்கத்தையும் அதனால் பயன்பெறுவோனைக் கேட்டு மதிப்பிடலாகாது. அதனால் துன்புறுவோனைக் கேட்டே மதிப்பிடல் வேண்டும்.

நாகரைக் குறித்துப் புகாரார் பெருமை கொள்வதற்கு முன் அதே காதையின் மற்றொரு பகுதியையும் நினைத்தல் தகும். சாதுவன் மாண்டான் என்று கேள்வியுற்ற ஆதிரை, சுடுகாட்டில் குழியமைத்துத் தீ மூட்டி அதனுள் புகுந்தாள். தீ அவளைச் சுடவில்லை. உடுத்த ஆடையும் பூசிய சந்தனமும் சூடிய மலரும் வாடவில்லை. கணவன் உயிரோடிருக்கின்றான், மீண்டு வருவான் என்று வானொலி எழுந்தது. காப்பியம் அவளது கற்பின் சிறப்பாக இதனைப் போற்றுகின்றது. அதனோடு மற்றொன்றையும் கருதுக. அவள் கேட்ட செய்தி பொய். அத்தீ தன் இயல்பின்படி சுட்டிருப்பின் யாது நேர்ந்திருக்கும்? பின்னாளில் மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபியில் முதற்பிச்சை இட்டவள் அவ்வாதிரையே. அப்பிச்சையால் சுரந்த சோறே காயசண்டிகையின் யானைத்தீ நோயைத் தணித்தது. புகாரின் ஏழைகளுக்கெல்லாம் பசிப்பிணி மருந்தாயிற்று. அவள் வாழ்ந்ததால் ஊர் வாழ்ந்தது.

காப்பியத்தில் தீ விலகியது, நாட்டில் விலகவில்லை. கைம்பெண்களைத் தீயிலிடும் வழக்கத்தை மரபென்றே பலர் காத்தனர். அதனை எதிர்த்து இராசாராம் மோகன்ராய் வாதிட்டார். 1829ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வங்காளத்தில் அது சட்டத்தால் விலக்கப்பட்டது. ஈமக்கடனைச் செய்யும் முறை வழக்கு. உயிரோடிருப்பாரை அதில் இடுவது அறக்கேடு. இரண்டும் ஒரே சுடுகாட்டில் நிகழ்ந்தன என்பதால் ஒன்றாகிவிடா.

திருக்கோயில்களின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. திருப்புன்கூரில் வெளியே நின்று வணங்கிய திருநாளைப்போவார்க்காக இறைவன் நந்தியை விலகச் செய்ததைப் பெரியபுராணம் பேசுகின்றது. நந்தி விலகிய பின்னும் கதவுகள் எல்லார்க்கும் திறக்கப்படவில்லை. நூற்றாண்டுகள் பல கழிந்தன. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கவும் உரிமை மறுக்கப்பட்டமையால் 1924, 1925ஆம் ஆண்டுகளில் அறப்போர் நிகழ்ந்தது. 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் கோயில் நுழைவுப் பிரகடனம் செய்தார். கன்னியாகுமரியும் சுசீந்திரமும் அந்நாளில் அவ்வரசைச் சேர்ந்தவை. 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் மதுரை அ. வைத்தியநாத ஐயர், விலக்கி வைக்கப்பட்டிருந்தோரை உடன் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் திருக்கோயிலுள் சென்றார். 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது.

அந்நாளில் எதிர்த்தோர் கூறிய காரணம் யாது? “இது தொன்றுதொட்டு வந்த வழக்கம்” என்பதே. அவர்கள் பூசை முறையைக் காக்க நினைத்தனர் என்று கொள்வோம். பூசை முறை காக்கத் தக்கதே. எந்தக் கோயிலில் எந்த ஆகமம், எந்தப் பூ, எந்த நிவேதனம் என்பன வழக்கு. ஆயின் வாயிலில் நின்றவனை உள்ளே விடாமை பூசை முறையன்று. அது மனிதனுக்கு மனிதன் நட்ட வேலி. அவ்வேலியைப் பற்றி உள்ளே நின்றோரைக் கேட்டனர். வெளியே நின்றவனை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருப்பின் விடை என்றோ கிடைத்திருக்கும்.

ஒரு தடை எழலாம். “எல்லார்க்கும் பொதுவான அறம் உண்டு என்று சொல்லியே வலியவர் மெலியவர்மேல் தம் பழக்கங்களைத் திணித்தனர் அல்லரோ? பொதுவறம் என்பது வென்றவனின் வழக்கந்தானே?” என்பது அத்தடை. இது புறக்கணிக்கத் தக்கதன்று. பிற நாடுகளைப் பிடித்து ஆண்ட ஐரோப்பியர், தம் உடையையும் உணவையும் நடையையுங்கூட நாகரிகம் என்று பெயரிட்டுப் பிறர்மேல் ஏற்றினர். ஐக்கிய நாடுகள் அவை மனித உரிமைப் பிரகடனத்தை ஆயத்தம் செய்தபோது, அமெரிக்க மானிடவியலார் சங்கம் 1947இல் இவ்வச்சத்தையே எழுத்தில் வைத்தது. ஒரு பண்பாட்டின் அளவுகோலால் எல்லாப் பண்பாடுகளையும் அளக்கலாமா என்பது அவர்தம் கேள்வி.

ஆயின் அப்பிரகடனத்தை உருவாக்கியோர் மேலைநாட்டார் மட்டும் அல்லர். சீனத்தைச் சேர்ந்த பெங் சுன் சாங், லெபனானைச் சேர்ந்த சார்லஸ் மாலிக் ஆகியோர் அதில் பெரும்பங்கு கொண்டனர். இந்தியாவின் சார்பில் அமர்ந்திருந்தவர் ஹன்சா மேத்தா அம்மையார். முதற்பிரிவில் மாந்தரைக் குறிக்க ஆண்பாற் சொல் இடப்பட்டிருந்தது. பெண்கள் விடுபட்டுப் போவர் என்று கருதி, ஆண் பெண் இருபாலாரையும் அடக்கும் பொதுச்சொல்லாக அதனை மாற்றச் செய்தவர் அவரே. 1948ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் பாரிசு நகரில் அது நிறைவேறியது. 48 நாடுகள் ஆதரித்தன. 8 நாடுகள் வாக்களியாது விலகி நின்றன. எதிர்த்த நாடு ஒன்றும் இல்லை. பொதுவறத்தின் குறை பொதுவாயிருப்பதன்று. போதிய அளவு பொதுவாகாமையே என்பதை அவ்வம்மையாரின் ஒரு சொல் திருத்தம் உணர்த்துகின்றது.

திணித்தல் என்னும் அச்சத்துக்கும் சாதுவனே விடையளிக்கின்றான். அவன் முதலில் அவர்தம் மொழியை அறிந்திருந்தான். மொழி அறியாதவன் அறம் உரைக்கத் தகுதி பெறான். அடுத்து, கையில் வாளேந்தி அவன் பேசவில்லை. உயிர் அவர்தம் கையில் இருக்கும்போது பேசினான். மூன்றாவதாக, தன் பழக்கத்துக்கும் அறத்துக்கும் உள்ள எல்லையைத் தானே வகுத்துக்கொண்டான். பழக்கத்தை விட்டுக்கொடுத்தான், கரை சேர்வானின் உயிரை விட்டுக்கொடுக்கவில்லை. “அது அவர்தம் பண்பாடு, நமக்கென்ன?” என்று அவன் வாளா மீண்டிருப்பின் அதனைப் பெருந்தன்மை என்று சொல்லலாமா? அடுத்து உடையும் கப்பலில் வருவோன் அப்பெருந்தன்மைக்கு உயிரை விலையாகக் கொடுத்திருப்பான்.

இன்னொன்றும் எண்ணத் தக்கது. மாறாத அறத்தையும் இடமறிந்தே ஆற்ற வேண்டும். வள்ளுவப் பெருந்தகை வாய்மை என்னும் அதிகாரத்தில், சொல்லின் வடிவை அளவாகக் கொள்ளாமல் தீங்கின்மையை அளவாகக் கொண்டார். கொலைஞனுக்கு அஞ்சி ஒளிந்தவனின் மறைவிடத்தை உள்ளபடி காட்டிக்கொடுப்பவன் வாய்மையாளன் ஆகான். இதனால் வாய்மை இடத்துக்கிடம் மாறும் என்பது பொருளன்று. எவ்வுயிர்க்கும் தீங்கு நேராமை என்னும் மாறா நோக்கமே, இடத்துக்கேற்ற சொல்லைத் தேர்கின்றது. மருத்துவன் ஒருவனுக்குப் பால் தருகின்றான். மற்றொருவனுக்குப் பாலை விலக்குகின்றான். மருந்து மாறியது, நலம் பேணும் நோக்கம் மாறவில்லை.

அன்பர்களே! பழங்கதையும் பழைய வரலாறும் பேசி மகிழ்வதோடு இது முடிவதன்று. இறந்தோரின் உடலைப் பொதுவழியே எடுத்துச் செல்ல விடாமல் தடுத்தார்கள் என்னும் செய்தி இன்றும் நாளிதழ்களில் வருகின்றது. ஐவகை ஈமமுறைக்கும் இடம் தந்த புகாரைப் பாடிய மொழியில் அச்செய்தி அச்சாகின்றது. ஊர் வழக்கம் என்றே அங்கும் காரணம் சொல்லப்படுகின்றது. அவ்வழக்கத்தின் முன் நிற்கும்போது, பாடையைச் சுமந்து வழியில் நிற்பவனின் கண்ணால் ஒருகணம் நோக்குக. கல்வி கற்க விழையும் மகளை, “நம் குடும்பத்தில் வழக்கமில்லை” என்று நிறுத்தும்போது அவள் கண்ணால் ஒருகணம் நோக்குக. அடுத்த வீட்டார் வேறு விதமாக வணங்கும்போதும் வேறு விதமாக உண்ணும்போதும், அதனால் எவர்க்குத் தீங்கு என்று ஒருகணம் கேட்டுக்கொள்க. தீங்கில்லையேல் அது அவர்தம் வழக்கு. அதனை மதித்து அமைக.

இளைஞர்க்குச் சொல்லத் தக்கது இது: வழக்கங்கள் மாறுவது கண்டு அறத்தைக் கைவிடற்க. முதியோர்க்குச் சொல்லத் தக்கது இது: அறத்தைக் காப்பதாக எண்ணி வழக்கத்தின் வேலியைக் காவல் செய்யற்க. வேலிக்கு வெளியே நிற்பவன் உள்ளே வரும்போது அறம் குறைவதில்லை, அது வளர்கின்றது. நாகர்நாட்டுக் கரையில், உண்ணக் கொல்ல வந்த கைகள் உயிர்காக்கும் கைகளாயின. அம்மாற்றம் எந்நாட்டார்க்கும் இயலும், எக்காலத்தார்க்கும் இயலும் என்னும் நம்பிக்கைக்கே பொதுவறம் என்று பெயர்.

அறம் தழைக்க! எவ்வுயிரும் தீங்கின்றி வாழ்க!